கோரிலேட்டட் சப்குவெரியை பிளானர் ஏன் எப்போதும் ஜாயினாக மாற்றுவதில்லை?

கேள்வி இதுதான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு ரிப்போர்ட் குவெரி. அதன் வேர் (WHERE, ரெக்கார்டுகளை வடிகட்டும்) பகுதிக்குள் ஒரு சப்குவெரி, அதாவது குவெரிக்குள் இன்னொரு குவெரி. வெளி டேபிளின் ஒரு ஃபீல்டை வைத்துக்கொண்டு அது சராசரி கணக்கிடுகிறது; இப்படி வெளியைச் சார்ந்திருப்பதால்தான் அது கோரிலேட்டட். மொத்தக் குவெரியும் நிமிடக்கணக்கில் ஓடியது. கையால் குரூப் பை (ஒரே மதிப்புள்ள ரெக்கார்டுகளைக் குழுவாக்குவது) போட்டு ஜாயினாக (இரண்டு டேபிள்களை இணைப்பதாக) மாற்றி எழுதியதும் சில விநாடிகளில் முடிந்துவிட்டது. குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பிளானரே ஏன் இதைச் செய்யவில்லை? இனி கண்ணில் படும் எல்லா கோரிலேட்டட் சப்குவெரியையும் இப்படி மாற்றி எழுதிவிடலாமா?

எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். சில இடங்களில் விடை தப்பாகிவிடும். சில இடங்களில் விடை சரியாக இருந்தும் குவெரி இன்னும் மெதுவாகிவிடும். மாற்றுவதற்கு முன் இரண்டு எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள் குவெரி மொத்தம் எத்தனை முறை ஓடுகிறது என்பது ஒன்று. வெளியிலிருந்து அதற்குப் போகும் மதிப்புகளில் வெவ்வேறானவை எத்தனை என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது எண்தான் முக்கியம் என்பது என் கருத்து. ஐம்பது ஆண்டுகளாக இந்தத் துறையில் வந்த நல்ல யோசனைகளில் பெரும்பாலானவை அதைச் சுற்றியே வந்திருக்கின்றன.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. டேட்டாபேஸ் வேகத்தை அளக்க எல்லோரும் ஓட்டிப் பார்க்கக்கூடிய டிபிசி-எச் பெஞ்ச்மார்க்கின் 17ஆம் குவெரியை எடுத்துக்கொள்வோம். அது கேட்பது இது: ஒரு குறிப்பிட்ட பிராண்டு, ஒரு குறிப்பிட்ட பெட்டி வகை. அதில் அடங்கும் பொருள்களுக்கு வந்த ஆர்டர் வரிகளில், அந்தந்தப் பொருளின் சராசரி ஆர்டர் அளவில் 20 சதவீதத்துக்கும் குறைவானவற்றை இனி ஏற்காமல் விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு வருமானம் போகும்? 'பார்ட்' டேபிளும் 'லைன்ஐட்டம்' டேபிளும் வெளியே ஜாயின் ஆகின்றன. 'இந்தப் பொருளின் சராசரி அளவு' என்பது உள்ளே இருக்கும் கோரிலேட்டட் சப்குவெரி; அதுவும் லைன்ஐட்டத்தைத்தான் படிக்கிறது.

ஸ்கேல் 1 என்ற மிகச் சிறிய அளவிலேயே லைன்ஐட்டத்தில் சுமார் 60 லட்சம் ரெக்கார்டுகள், பார்ட்டில் 2 லட்சம். ஒரு பொருளுக்குச் சராசரியாக 30 ஆர்டர் வரிகள். பிராண்டுகள் 25, பெட்டி வகைகள் 40. ஆகவே ஒரு பிராண்டு, ஒரு பெட்டி என்று வடிகட்டினால் ஏறக்குறைய 200 பொருள்கள் மிஞ்சும். அவற்றின் ஆர்டர் வரிகள் ஏறக்குறைய 6000.

இப்போது கணக்குப் போடலாம். வெளியே வரும் 6000 ரெக்கார்டுகளில் ஒவ்வொன்றுக்கும் சப்குவெரி ஒரு முறை ஓடும். பொருள் எண்ணில் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) இல்லை என்றால் ஒவ்வொரு முறையும் 60 லட்சத்தையும் முழுக்கப் படிக்க வேண்டும்: 3600 கோடி ரெக்கார்டு வாசிப்பு. லைன்ஐட்டத்தின் பிரைமரி கீ ஆர்டர் எண்ணில் தொடங்குவதால் அது இங்கே கைகொடுக்காது. பொருள் எண்ணுக்குத் தனி இண்டெக்ஸ் போட்டுவிட்டால் அதே குவெரி, அதே பிளான் அமைப்பு, 6000 முறை 30 ரெக்கார்டு, ஆக 1,80,000 வாசிப்பு. குவெரியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் கிடைத்த லாபம் இது.

இன்னும் குறைக்கலாம். அந்த 6000 ரெக்கார்டுகளில் உள்ள வெவ்வேறு பொருள் எண்கள் 200 மட்டுமே. ஒரு பொருளின் சராசரியை ஒரு முறை கணக்கிட்டு ஞாபகம் வைத்துக்கொண்டால் 200 முறை ஓடினால் போதும், 6000 வாசிப்பில் வேலை முடிகிறது.

கேள்வியில் சொன்ன குரூப் பை மாற்றம் எங்கே நிற்கிறது? அது லைன்ஐட்டம் முழுவதையும் ஒரு முறை படித்து, 2 லட்சம் பொருள்களுக்கும் சராசரி போட்டு, அதில் 200ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுகிறது. 60 லட்சம் வாசிப்பு. 3600 கோடியோடு ஒப்பிட்டால் சொர்க்கம். இண்டெக்ஸ் உள்ள சாதாரண லூப்போடு ஒப்பிட்டால் வீண் உழைப்பு. உங்கள் குவெரி வேகமானதற்கு, இணைக்கும் ஃபீல்டில் இண்டெக்ஸ் இல்லாததே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை முதலில் சரிபாருங்கள்.

இதே 17ஆம் குவெரிக்கு இன்னொரு வழியும் உண்டு. பார்ட்டையும் லைன்ஐட்டத்தையும் ஜாயின் செய்து கிடைத்த 6000 ரெக்கார்டுகளிலேயே, பொருள் எண் வாரியாகப் பிரித்து விண்டோ ஃபங்ஷனில் (ரெக்கார்டுகளைச் சுருக்காமலே குழு வாரியாகக் கணக்கிடும் வசதியில்) சராசரி எடுத்துவிடலாம். லைன்ஐட்டத்துக்கு இரண்டாம் முறை போக வேண்டியதே இல்லை. ஐபிஎம் டிபி2 குழுவினர் 2003இல் இந்த மாற்றத்தை விரிவாக விளக்கினார்கள். ஆனால் இது எப்போது செல்லும் என்பதில் மிகக் கவனம் வேண்டும். வெளியே உள்ள வடிகட்டல் பார்ட் டேபிளின் மீது மட்டும் இருக்கிறது. ஆகவே தப்பிய பொருளின் ஆர்டர் வரிகள் ஒன்று விடாமல் கையில் இருக்கின்றன, அந்தச் சராசரி உண்மையான சராசரி. யாராவது வெளிக் குவெரியில் 'இந்த ஆண்டு ஆர்டர்கள் மட்டும்' என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிட்டால் விண்டோ ஃபங்ஷன் இந்த ஆண்டின் சராசரியைத் தரும். மூலக் குவெரி கேட்டதோ எல்லா ஆண்டுகளின் சராசரி. எந்த எரரும் வராது. எண் மட்டும் தப்பாக இருக்கும்.

பிளானர் தயங்குவதற்கான முதல் காரணம் இதிலேயே தெரிகிறது. வேகம் பிறகு, விடை ஒன்றேதானா என்று அது முதலில் நிரூபித்தாக வேண்டும். இந்த நிரூபணத்தில் வல்லுநர்களே சறுக்கியிருக்கிறார்கள். வொன் கிம் 1982இல் உள்குவெரிகளை வகைப்படுத்தி, ஒவ்வொரு வகையையும் ஜாயினாக மாற்றும் விதிகளைத் தந்தார். அந்தக் கட்டுரைதான் இந்தத் துறைக்கே அடித்தளம். அந்த விதிகள் சறுக்கும் ஓர் எடுத்துக்காட்டு: 1980 ஜனவரிக்கு முன் வந்த சப்ளைகளின் எண்ணிக்கையும் தற்போதைய கையிருப்பும் சமமாக உள்ள பாகங்கள் எவை? கையிருப்பு பூஜ்யம், சப்ளை எதுவுமே வராத ஒரு பாகத்தை நினைத்துப் பாருங்கள். சப்குவெரியில் கவுண்ட் பூஜ்யம் என்று வரும். பூஜ்யமும் பூஜ்யமும் சமம். அந்தப் பாகம் விடையில் இருக்க வேண்டும். குரூப் பை போட்டு ஜாயினாக மாற்றினால், சப்ளையே இல்லாத பாகத்துக்கு குரூப்பே உருவாகாது. ஜாயினில் அந்தப் பாகம் காணாமல் போய்விடும். 'கவுண்ட் பக்' என்று இன்றும் சொல்வது இதைத்தான். இந்த ஓட்டையைக் கீஸ்லிங் சுட்டிக்காட்டினார். 1987இல் கான்ஸ்கியும் வாங்கும் அவுட்டர் ஜாயின் (பொருத்தம் இல்லாத ரெக்கார்டையும் விடாமல் வைத்திருக்கும் ஜாயின்) மூலம் அடைத்தார்கள்.

கையால் மாற்றி எழுதுகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறும் இதுதான். லெஃப்ட் ஜாயினாக (அவுட்டர் ஜாயினின் ஒரு வகை) மாற்றினால் மட்டும் போதாது. ஜாயின் முடிந்த பிறகு குரூப் செய்கிறீர்கள் என்றால் கவுண்ட் ஸ்டார் (COUNT(*), எல்லா ரெக்கார்டையும் எண்ணுவது) போடக்கூடாது; பொருத்தம் இல்லாத பாகத்துக்கும் நல் (NULL, மதிப்பு இல்லை என்ற குறி) நிரப்பிய ஒரு ரெக்கார்டு இருக்கும், கவுண்ட் ஸ்டார் அதை ஒன்று என்று எண்ணிவிடும். உள் டேபிளின் நல் ஆகாத ஒரு ஃபீல்டை எண்ண வேண்டும். முதலில் குரூப் செய்து பிறகு லெஃப்ட் ஜாயின் என்றால், வரும் நல்லை கோஅலெஸ் (நல்லுக்குப் பதில் வேறு மதிப்பு தரும் ஃபங்ஷன்) கொண்டு பூஜ்யமாக்க வேண்டும். சராசரி, கூட்டல், அதிகபட்சம், குறைந்தபட்சம் ஆகியவற்றுக்கு இந்தச் சிக்கல் குறைவு. காலி செட்டுக்கு அவை நல் தரும். 'இதைவிடக் குறைவு' போன்ற ஒப்பீட்டில் நல் எப்படியும் அடிபட்டுவிடும், ஆகவே இன்னர் ஜாயின் போதும். ஆனால் அதே கூட்டலை யாராவது கோஅலெஸுக்குள் வைத்திருந்தால் கவுண்ட் பக் அப்படியே திரும்பி வந்துவிடும்.

நாட் இன் ('இந்தப் பட்டியலில் இல்லை' என்ற நிபந்தனை) தனிக்கதை. உள் குவெரியின் விடையில் ஒரே ஒரு நல் இருந்தாலும் நாட் இன் நிபந்தனை எந்த ரெக்கார்டுக்கும் உண்மையாகாது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் ('பொருந்தும் ரெக்கார்டு எதுவும் இல்லை' என்ற நிபந்தனை) அப்படி நடந்துகொள்ளாது. இரண்டும் ஒன்றல்ல என்பதால்தான் போஸ்ட்கிரெஸ் நாட் எக்ஸிஸ்ட்ஸை 2009இல் வந்த 8.4 பதிப்பிலிருந்தே ஆன்டி ஜாயினாக (பொருத்தம் இல்லாதவற்றை மட்டும் வைக்கும் ஜாயினாக) மாற்றுகிறது. நாட் இன்னை, பரவலாகப் புழக்கத்தில் உள்ள பதிப்புகளில், அப்படி மாற்றுவதில்லை. உள் விடை வொர்க் மெம் (ஒரு வேலைக்கு ஒதுக்கிய நினைவகம்) அளவுக்குள் அடங்கினால் ஹாஷ் டேபிள் போட்டுச் சமாளிக்கும். அடங்காவிட்டால் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் உள் விடை முழுவதையும் தேடும். நல் வர வாய்ப்பில்லை என்று உங்களுக்குத் தெரிந்தால் நாட் எக்ஸிஸ்ட்ஸாக எழுதிவிடுங்கள். நான் தயங்காமல் செய்யச் சொல்லும் கையால் செய்யும் மாற்றங்களில் இது முதலாவது.

ஸ்கேலர் சப்குவெரி என்பது ஒற்றை மதிப்பாகப் பயன்படுத்தப்படுவது; சராசரி போல ஒரே ரெக்கார்டு வரும் என்று உறுதி இல்லாத ஸ்கேலர் சப்குவெரியில் இன்னொரு பொறி உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட ரெக்கார்டு வந்தால் டேட்டாபேஸ் எரர் தர வேண்டும். ஜாயினாக மாற்றினால் எரருக்குப் பதில் வெளி ரெக்கார்டு இரட்டிக்கும், மொத்தத் தொகை வீங்கும். யூனிக் கீ இருக்கிறதா என்று பார்க்காமல் இதில் கைவைக்கக்கூடாது.

சரி, விடை ஒன்றே என்று நிரூபித்தாகிவிட்டது. அடுத்தது செலவு. வெவ்வேறு மதிப்புகளின் எண்ணிக்கை முக்கியம் என்று சொன்னேன் அல்லவா, அது எஸ்க்யூஎல்லின் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளப்பட்ட விஷயம். ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் பிளானரைப் பற்றி பட்ரீசியா செலிஞ்சரும் உடன் பணியாற்றியவர்களும் 1979இல் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது: வெளி டேபிள் அந்த ஃபீல்டின்படி வரிசையாக வந்தால், முந்தைய ரெக்கார்டின் மதிப்பும் இப்போதைய மதிப்பும் ஒன்றா என்று மட்டும் பார்த்து, ஒன்று என்றால் உள் குவெரியை மறுபடி ஓட்டாமல் விடலாம், வெளி டேபிளை அதற்காகவே சார்ட் செய்வதும் சில சமயம் லாபம். மும்பை ஐஐடியில் சுதர்சனும் மாணவர்களும் 2005இல் இந்த வரிசைப்படுத்தும் யோசனையை மேலும் விரிவாக்கினார்கள். ஆரக்கிளின் ஸ்கேலர் சப்குவெரி கேஷும் மரியாடிபியின் சப்குவெரி கேஷும் இதே நோக்கத்தில் பிறந்தவை.

பொதுத் தீர்வு இரண்டு படிகளில் வந்தது. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் குழுவின் கலிண்டோ-லெகாரியாவும் ஜோஷியும் 2001இல் 'அப்ளை' என்ற ஆபரேட்டரை (ஒவ்வொரு வெளி ரெக்கார்டுக்கும் உள் குவெரியை ஓட்டுவதை) முன்வைத்து எழுதினார்கள். எந்த கோரிலேட்டட் சப்குவெரியையும் முதலில் அப்ளையாக எழுதிக்கொள்வது. பிறகு இயற்கணித விதிகளால் அதைக் கீழே கீழே தள்ளி, தொடர்பு அறுந்த இடத்தில் ஜாயினாக்குவது. அறுக்க முடியாவிட்டால் அல்லது லூப்பே மலிவு என்று தெரிந்தால் அப்ளையாகவே விட்டுவிடலாம். ஜாயினையும் அப்ளையாகத் திருப்பி மாற்றலாம், இண்டெக்ஸைப் பயன்படுத்த அதுதான் வழி. எனக்கு மிகவும் பிடித்தது இந்த இருவழிப் பாதைதான். மாற்றம் என்பது ஒரு திசையில் மட்டும் போக வேண்டும் என்ற கட்டாயத்தை அது உடைத்தது.

அடுத்த படி, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் நாய்மனும் ஆல்ஃபோன்ஸ் கெம்பரும் 2015இல் தந்தது. வெளியிலிருந்து வரும் மதிப்புகளில் வெவ்வேறானவற்றை மட்டும் ஒரு தனி செட்டாக எடுத்துக்கொள். 17ஆம் குவெரியில் அந்த 200 பொருள் எண்கள். உள் குவெரியை அந்த செட்டோடு ஒரே முறையாக ஓட்டு. கிடைத்த விடையை வெளி ரெக்கார்டுகளோடு ஜாயின் செய். செட்டில் டூப்ளிகேட் கிடையாது என்பதால், உள் குவெரியின் எந்த ஆபரேட்டரைத் தாண்டியும் அதைக் கீழே தள்ள முடிகிறது. இணைப்பு சமம் என்ற நிபந்தனையாக இல்லாமல் 'இந்தத் தேதிக்கு முன்' என்று இருந்தாலும், இரண்டு அடுக்கு ஆழத்தில் இருந்தாலும் செல்லும். கடைசியில், இணைப்பு வெறும் சமம் என்றால் செட்டையே நீக்கிவிட்டு உள் டேபிளின் ஃபீல்டை அதற்குப் பதிலாக வைக்கலாம். அப்போது கிடைப்பது நீங்கள் கையால் எழுதிய குரூப் பைதான். நீக்குவதா வைத்திருப்பதா என்பது செலவைப் பொறுத்த முடிவு: நீக்கினால் 2 லட்சம் குரூப், வைத்தால் 200. ஹைப்பர், அம்ப்ரா இரண்டிலும் இந்த முறை இருக்கிறது. டக்டிபி இதைத் தழுவித்தான் கோரிலேட்டட் சப்குவெரிகளைப் பிரிக்கிறது. அதன் பிளானில் 'டெலிம் ஜாயின்' என்று வருவது இந்த செட்டைத்தான் சுமந்து வருகிறது.

மற்ற டேட்டாபேஸ்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைஎஸ்க்யூஎல் 5.5 வரை, தொடர்பே இல்லாத இன் சப்குவெரியைக்கூட எக்ஸிஸ்ட்ஸாக மாற்றி ரெக்கார்டுக்கு ஒரு முறை ஓட்டியது. 'சப்குவெரியே எழுதாதே' என்ற பழைய அறிவுரை அந்தக் காலத்தில் பிறந்தது. 2013இல் வந்த 5.6 செமி ஜாயினையும் (பொருத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஜாயின்) மெட்டீரியலைசேஷனையும் (உள் விடையை ஒரு முறை சேமித்துவைப்பது) கொண்டுவந்தது, 8.0 வரிசையில் எக்ஸிஸ்ட்ஸும் நாட் எக்ஸிஸ்ட்ஸும் சேர்ந்துகொண்டன. அந்த அறிவுரையை இன்றும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. எஸ்க்யூஎல் சர்வரும் ஆரக்கிளும் சராசரி, கூட்டல் வகைச் சப்குவெரிகளையும் தாமாகவே பிரிக்கக்கூடியவை.

போஸ்ட்கிரெஸ் நடுவில் நிற்கிறது. வேர் பகுதியில் 'அண்ட்' கொண்டு நேரடியாக இணைந்திருக்கும் எக்ஸிஸ்ட்ஸை செமி ஜாயினாக்கும். அதே எக்ஸிஸ்ட்ஸ் ஒரு 'ஆர்' நிபந்தனைக்குள் போய்விட்டால் மாற்றாது, சப்பிளானாகவே (ஜாயினில் சேராத தனித் துணைப் பிளானாகவே) நிற்கும். கோரிலேட்டட் சராசரியையும் அது ஜாயினாக்குவதில்லை. கேள்விக்கு நேரடி விடை இதுதான்: பிளானர் இரண்டு வழிகளையும் எடைபோட்டுத் தப்பானதைத் தேர்ந்தெடுக்கவில்லை, குரூப் பை வழி அதன் முன் வைக்கப்படவே இல்லை.

ஆகவே நடைமுறையில் என்ன செய்வது? எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் (குவெரியை ஓட்டி அதன் பிளானையும் நேரத்தையும் காட்டும் கட்டளை) ஓட்டி, சப்பிளானின் கீழ் உள்ள வரியில் லூப்ஸ் எண்ணைப் பாருங்கள். அந்த வரியில் காட்டும் நேரம் ஒரு லூப்புக்கான சராசரி. 0.03 மில்லிசெகண்ட் என்று அழகாகத் தெரியும். லூப்ஸ் 20 லட்சம் என்றால் அது ஒரு நிமிடம். பெருக்கிப் பார்க்காமல் கடந்து போகிறவர்கள் நிறையப் பேர். அடுத்து, சப்குவெரியின் மேலே இனிட்பிளான் என்று வந்திருக்கிறதா பாருங்கள். இனிட்பிளான் என்றால் அது தொடர்பில்லாத குவெரி, ஒரே முறைதான் ஓடும், அதை விட்டுவிடலாம். லூப்ஸ் அதிகம், ஒவ்வொரு லூப்பிலும் சீக்வென்ஷியல் ஸ்கேன் என்றால் முதலில் இண்டெக்ஸ். இண்டெக்ஸ் இருந்தும் போதவில்லை என்றால் வெவ்வேறு மதிப்புகளை எண்ணுங்கள். லூப்ஸ் 20 லட்சம், வெவ்வேறு மதிப்பு 500 என்றால் ஞாபகம் வைத்துக்கொள்ளும் வழிதான் சரி.

போஸ்ட்கிரெஸ் 14இல் வந்த மெமோயைஸ் அந்த வேலையைச் செய்யும். ஆனால் அது நெஸ்டட் லூப் ஜாயினுக்கு மட்டும், சப்பிளானுக்குக் கிடையாது. அதே சப்குவெரியை ஃப்ரம் பகுதிக்குக் கொண்டுவந்து லேட்டரல் ஜாயினாக (முன்னால் வரும் டேபிளின் ஃபீல்டைப் பயன்படுத்தக்கூடிய ஜாயினாக) எழுதினால் மெமோயைஸ் வர வழி திறக்கிறது. ஹிட்ஸ், மிஸ்ஸஸ் என்று பிளானிலேயே எண்ணிக்கை வந்துவிடும். சராசரி போன்றவை எப்போதும் ஒரு ரெக்கார்டு தருவதால் லேட்டரலாக மாற்றும்போது விடை மாறாது. வெளி டேபிளின் பெரும்பகுதி மதிப்புகள் தேவைப்படுகின்றன, உள் டேபிளை எப்படியும் முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும் என்றால் மட்டும் குரூப் பை.

லூப்பை அப்படியே விட வேண்டிய இடமும் உண்டு. 500 வாடிக்கையாளர்கள், அவர்கள் ஒவ்வொருவரின் கடைசி ஆர்டர், ஆர்டர் டேபிளில் 5 கோடி ரெக்கார்டுகள் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் எண், தேதி இரண்டும் சேர்ந்த இண்டெக்ஸ் இருந்தால், தேதி இறங்குவரிசையில் லிமிட் 1 போட்ட லேட்டரல் 500 முறை இண்டெக்ஸைத் தொட்டு முடித்துவிடும். இதை ரோ நம்பர் விண்டோவாக 'சரிசெய்தால்' 5 கோடியையும் படிக்கும் நிலை வரலாம்.

கடைசியாக ஒன்று. மெமோயைஸ் போடுவதா வேண்டாமா என்று பிளானர் முடிவெடுப்பது, வெவ்வேறு மதிப்புகள் எத்தனை என்ற அதன் மதிப்பீட்டை வைத்துத்தான். இயல்பான அமைப்பில் அனலைஸ் கட்டளை (டேபிளின் புள்ளிவிவரங்களைச் சேகரிப்பது) 30,000 ரெக்கார்டுகளை மட்டும் மாதிரியாக எடுத்து அந்த எண்ணைக் கணிக்கிறது. கோடிக்கணக்கான ரெக்கார்டு உள்ள டேபிளில் அது உண்மையைவிட மிகக் குறைவாக வருவது சாதாரணம். பிஜி ஸ்டாட்ஸில் என்-டிஸ்டிங்ட் என்ற ஃபீல்டைப் பார்த்து, உண்மையான டிஸ்டிங்ட் கவுண்ட்டோடு ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் ஆல்டர் டேபிளில் அந்த ஃபீல்டுக்கு என்-டிஸ்டிங்ட் மதிப்பைக் கையால் கொடுத்து, மறுபடி அனலைஸ் ஓட்டிவிட்டு, அதன் பிறகு குவெரியைத் தொடுங்கள்.